எண்ணெய் காணாத மிஷினும் வெளுத்துப்போன விரல்களும்

என் விரல்களைப் பற்றி இனி யாராவது கேட்டால் இதைக் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். சந்தைக்குப் போனால் கேட்கிறார்கள், கோயிலுக்குப் போனால் கேட்கிறார்கள், சவரம் செய்துகொள்ளப் போனால் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். "ஏனுங்க, உங்களுக்கு அந்த வியாதி வந்து நல்லாயிருச்சாமே?" அது எனக்கு வரவே இல்லை ஐயா. வராததை எப்படி நல்லாக்குவது? சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பேனா பிடிக்க வருகிறது, வெயில் ஏறின பிறகு. அதனால் மத்தியான வேளைகளில் உட்கார்ந்து எழுதினேன்.

என் பெயர் காளியப்பன். மோகனூர்ப் பக்கத்து மேட்டாங்காட்டுக்காரன். காவேரி ஓடுகிற ஊரில் பிறந்தும் எங்கள் காட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. கிணறு வறண்டு, எருதுகளை விற்ற பிறகு, மனைவி பாவாயியையும் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு வந்தேன். சூரமங்கலம் ரயிலடிக்கு வடக்கே இருக்கும் வெள்ளைக்கல் கரட்டில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அந்தக் கல்லைச் சூளையில் சுட்டுக் கப்பலேற்றுகிறார்கள். இரும்பு உருக்கும் உலைக்கு உள்பூச்சு பூசுவதற்காம். எங்கேயோ யாரோ இரும்பு உருக்க, நாங்கள் இங்கே கரடு உடைத்தோம்.

பாறையில் துளை போட்டு வெடிமருந்து திணித்து வெடிப்பார்கள். துளை போடுவது என் வேலை. முன்பெல்லாம் ஒருவன் உளியைப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். பிறகு காற்று மிஷின் வந்தது. கொட்டகையில் ஓர் இஞ்சின் காற்றை அமுக்கி ரப்பர் குழாய் வழியாக அனுப்பும். அந்தக் காற்று மிஷினுக்குள் இருக்கும் இரும்புக் கட்டையை மேலும் கீழும் விரட்டும். கட்டை உளியின் தலையில் அடிக்கும். எத்தனை அடி என்று எண்ண முடியாது, ஒரே உறுமல்தான். இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்து, வயிற்றை அண்டக்கொடுத்து அமுக்குவோம். அமுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மிஷின் தன் கனத்திலேயே இறங்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. பிடி இறுக்கமாக இருந்தால் ஆம்பிளை, தளர்ந்தால் கேலி. "என்ன மாப்ள, மோர் கடையறாப்புல புடிக்கறே?" என்பார்கள். யாருக்குக் கேலி பிடிக்கும்?

அந்த மிஷினுக்கு எண்ணெய் வேண்டும். காலையில் ஒருதரம், மதியம் ஒருதரம் மூடியைத் திறந்து ஊற்றச் சொல்லி ஃபிட்டர் காசிம் பாய் நாள் தவறாமல் கத்துவார். நாங்கள் ஊற்றவில்லை. சோம்பேறித்தனம் இல்லை. எண்ணெய் ஊற்றினால் மிஷினிலிருந்து வெளியேறும் காற்றோடு அது கருப்பாகத் தெறிக்கும். வெள்ளைக்கல்லில் கறை விழும். கல்லைச் சுத்தம் செய்யும் களத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கறை பட்ட இடத்தைச் சின்னச் சுத்தியலால் கொத்தி எடுக்க வேண்டும். கொத்தக் கொத்தக் கல் குறையும், கூடை நிறையாது, மேஸ்திரி வாய்க்கு வந்தபடி பேசுவான். அந்தப் பெண்கள் வேறு யாருமல்ல, எங்கள் வீட்டுக்காரிகள்தான். ஒரு நாள் பாவாயியைப் பார்த்து, "உம் புருசன் கல்லுக்குத் தாளிச்சுக் கொட்டறானா?" என்று கேட்டுவிட்டானாம். அவள் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து என் மிஷின் எண்ணெய் காணவில்லை. கொஞ்ச நாளில் பார்த்தால் கரட்டில் ஒருவனும் எண்ணெய்க் குப்பியைத் தொடுவதில்லை. காசிம் பாய்க்குத் தெரியாமல் மூடியின் வாயில் மட்டும் எண்ணெயைத் தடவி வைப்போம்.

எண்ணெய் இல்லாத மிஷின் கத்தும், குதிக்கும். குதிக்கக் குதிக்க நாங்கள் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். வெளியேறும் காற்று ஐஸ் மாதிரி இடது கைவிரல்கள் மேலேயே அடித்துக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் அது சுகமாகக்கூட இருந்தது. வேலை விட்ட பிறகும் கைகளுக்குள் ஓர் உறுமல் ஓடும். சோற்றுருண்டை வாய்க்குப் போவதற்குள் பாதி கீழே விழும்.

மார்கழி மாதத்தில் ஒரு விடிகாலை கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது பார்த்தேன். இடது கையில் மூன்று விரல்கள் வெள்ளை வெளேர் என்று இருந்தன. கல் மாவு ஒட்டியிருக்கிறது என்று கழுவினேன், போகவில்லை. துணியில் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுவது போல் இருந்தது. வெயில் ஏறியதும் விரல்கள் நீலமாகி, பிறகு சிவந்து, ஊசி ஊசியாகக் குத்தி, பழையபடி ஆகிவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் காலை வேளைகளில் துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டேன். மற்ற மிஷின்காரர்களும் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் நின்றார்கள். குளிருக்கு என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் விரல்கள் வெயிலிலும் மரத்தன. ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தேன். தோல் கருகும் வாடை வந்தது. யார் வீட்டில் எது தீய்கிறது என்று நான்தான் திரும்பிப் பார்த்தேன். பாவாயி உள்ளேயிருந்து ஓடிவந்து பீடியைத் தட்டிவிட்டாள்.

"ஏனுங்க! வெரலுங்க! வெரலு வேகுதுங்க!"

குனிந்து பார்த்தேன். நடுவிரல் ஓரத்தில் தோல் பொசுங்கிச் சுருண்டிருந்தது. வலியே இல்லை. வலித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

தீ சுட்டால் தெரியாத தோல் என்ன வியாதிக்கு அடையாளம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். பெருவியாதி. குட்டம். வாயால் சொல்லவே மாட்டார்கள், 'அது' என்பார்கள். அது வந்தவனுக்கு ஊருக்கு வெளியே ஒரு குடிசை, எட்ட நின்று வைத்துவிட்டுப் போகும் சோறு. அவன் வீட்டுப் பெண்ணை யாரும் கட்ட மாட்டார்கள். என் மகளுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது.

நாட்டு வைத்தியரிடம் போனேன். அவர் என் கையைத் தொடவே இல்லை. எட்டி உட்கார்ந்தபடியே பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "அதுதான்" என்று சொல்லி, அதற்குத் தடவுகிற நீரடிமுத்து எண்ணெய் ஒரு புட்டி கொடுத்தார். அவர் வாய் சும்மா இருந்திருக்கும், கேட்டுக்கொண்டு நின்றவன் வாய் சும்மா இருக்குமா? செய்தி மோகனூருக்குப் போய்விட்டது. பாவாயியின் அண்ணன் நாச்சிமுத்து வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா பொட்டப்புள்ள ஒண்ணு இருக்குதுங்களே. பெரியாஸ்பத்திரி டாக்டரு பாத்துச் சொல்லட்டும். இல்லைன்னா நெம்ப நல்லது, காவேரியில முழுகிப் பொங்கல் வெப்போம். ஆமான்னுட்டாருன்னா பாவாயியும் பாப்பாவும் என்ற கூட வந்தரோணும்."

"நியாயந்தானுங்க மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்வது? பாவாயியைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வியாதியை விட அந்த மௌனம்தான் என்னை அரித்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அதையே மென்றுகொண்டிருந்தேன்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். இருமுகிறவன், முனகுகிறவன், கால் வீங்கினவன், ஒன்றுமே இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவன் என்று ஒரு திருவிழாக் கூட்டம். நான் கைகளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அம்மாபேட்டைப் பெண் ஒருத்தி, தறிக்காரர் வீட்டுப் பெண் போலிருந்தது, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்தாள். "அண்ணே, இந்தக் கொழந்தைய ஒரு நிமிசம் புடிங்க, சீட்டு வாங்கிட்டு வந்துடறேன்" என்று நீட்டினாள். நான் எழுந்து தள்ளிப் போய் நின்றேன். "மனுசனா இவரு? கொழந்தைய வாங்கினா கையி கரைஞ்சா போயிரும்?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். தாழ்வாரமே என்னைப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. வெட்கக்கேடு.

டாக்டர் நடுவயதுக்காரர். சிடுசிடுப்பு. எனக்கும் சிடுசிடுப்பு உண்டு, அதனால் பிடித்துப்போனது. அவர் என் கையைத் தொட்டார், அதுவும் முதல் காரியமாகத் தொட்டார். வைத்தியர் தொடாத கையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்ததிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

"கண்ணை மூடிக்கோய்யா. நான் தொடற இடத்தைச் சொல்லு."

பஞ்சால் தடவினார். குண்டூசியால் குத்தினார். ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீரும் இன்னொன்றில் பச்சைத் தண்ணீரும் வைத்து மாற்றி மாற்றி விரலில் ஒற்றி, எது சூடு, எது குளிர் என்று கேட்டார். பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னேன். பிறகு முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலை விட்டு உருட்டினார். அங்கே ஒரு நரம்பு ஓடுகிறது. இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று போகுமே, அதுதான். அந்த வியாதியில் அது கயிறு மாதிரி தடித்துவிடுமாம். உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் எங்கேயாவது இருக்கிறதா என்று உள்ளங்கால் வரை பார்த்தார். கடைசியில் காது மடலைக் கிள்ளிப் பிடித்து, கத்தி முனையால் லேசாகக் கீறி, கசிந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவினார்கள். அதற்குச் சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், கிருமி இருந்தால் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் என்றார்.

"அதுவரைக்கும் பின்னாடிக் கொட்டாயில இரு."

பின்னாடிக் கொட்டகை என்றால் என்ன என்று ஊருக்கே தெரியும். பெரிய கட்டடத்தை விட்டு ஒதுங்கி, வேப்பமரத்தடியில், ஓடு வேய்ந்த பெருவியாதிக் கொட்டகை. அங்கே எனக்குப் பக்கத்துக் கட்டிலில் வாழப்பாடிக்காரர் ஒருவர் இருந்தார். மண்டி வைத்திருந்தவராம். மூக்கும் காதும் தடித்திருந்தன. பேச்சில் இன்னும் வியாபாரி. பல்லி கத்தினால்கூட விலை பேசுவார்.

"கண்ணாடித் துண்டுல இல்லேன்னு வந்தா உடனே குதிக்காதப்பா" என்று முதல் நாளே சொல்லி வைத்தார். "அதுல ரெண்டு தினுசு இருக்கு. ஒரு தினுசு துண்டுலயே தெரியாது. நரம்புக்குள்ள ஒளிஞ்சுக்கும். எனக்கும் மொதல்ல இல்லேன்னுதான் சொன்னாங்க."

நல்ல ஆறுதல்! அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மைதான் என்று பிறகு டாக்டரே சொன்னார்.

கொட்டகைக்குக் கட்டணம் கிடையாது. கஞ்சியும் கொடுத்தார்கள். ஆனால் என் கூலி நின்று, பாவாயி கூலியில் மூன்று வயிறு. அப்படியும் வேலை விட்டதும் தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவாள். மதில் மேல் வைத்துவிட்டுப் போகச் சொல்வான் வார்டு ஆள். அவள் சரி என்று தலையை ஆட்டுவாள், நேராக உள்ளே வந்து உட்காருவாள். எனக்குச் சூடு தெரியாது என்பதால் தன் விரலை விட்டுப் பார்ப்பாள். "ஆறிருச்சுங்க, இப்ப தின்னுங்க" என்பாள். பாப்பா என்ன செய்தாள், ஆடு என்ன மேய்ந்தது எல்லாம் சொல்வாள். அண்ணன் சொன்னதைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். எனக்குக் கேட்கத் துணிச்சல் இல்லை. கேட்டு, அவள் போகிறேன் என்று சொல்லிவிட்டால்?

கண்ணாடித் துண்டில் கிருமி இல்லை என்று வந்தது. நான் குதிக்கவில்லை. டாக்டரும் குதிக்கவில்லை. "நரம்பும் தடிக்கல, தேமலும் இல்லை, ஆனா மரத்துப் போயிருக்கே. இல்லைன்னும் சொல்ல முடியல, ஆமான்னும் சொல்ல முடியல. இரு" என்றார்.

இரண்டொரு நாள் கழித்து விடாத மழை. டாக்டர் காலையில் வந்தபோது என் விரல்கள் வெளுத்திருந்தன, கோடு போட்டு வெட்டினது போல, கோட்டுக்கு மேலே வெள்ளை, கீழே கறுப்பு. குனிந்து பார்த்தார். போய்விட்டார். மதியம் வெயில் வந்த பிறகு தானாகத் திரும்பி வந்தார். விரல்கள் சிவந்திருந்தன.

"ஏய்யா, அந்த வியாதிக்குக் காலை மாலை தெரியாதே. நீ என்ன வேலை பாக்கறே?"

சொன்னேன். பிடித்துக் காட்டச் சொன்னார். மூலையில் கிடந்த மூங்கில் துடைப்பத்தைத் தரையில் நட்டு, இரண்டு கையாலும் இறுக்கி, வயிற்றை அதன் மேல் சாய்த்துக் காட்டினேன். வாழப்பாடிக்காரர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. என் விரல்களைப் பிரித்துப் பார்த்தார், பிரிய மாட்டேன் என்றன. காற்று எந்தப் பக்கம் வெளியே வரும் என்று கேட்டார். இடது கை மேல் என்றேன். வெளுப்பு அதிகம் இருந்ததும் இடது கையில்தான்.

"குளிர் தேசத்துச் சுரங்கத்துல இந்த மாதிரி மிஷின் பிடிக்கறவங்களுக்கு விரல் வெளுக்கும்னு படிச்சிருக்கேன். சேலத்து வெயில்ல பார்த்ததில்லை. உன் கூட மிஷின் ஓட்டறவங்களுக்கு இப்படி இருக்கா?"

"இல்லீங்க. எனக்கு மட்டுந்தானுங்க" என்றேன். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்போ மிஷின்தான்னு எதை வச்சுய்யா சொல்றது? ஒரே மிஷின், ஒரே கல்லு, மத்தவன் கை நல்லாயிருக்கே. அவங்களை வரச்சொல்லு, நான் கண்ணால பாக்கணும்."

காசிம் பாய் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். அவர் மறுநாள் வந்து வேப்பமரத்தடியில் நின்று கையை விரித்தார்.

"கேட்டுப் பாத்துட்டேன் காளியப்பா. ஒருத்தன் வயித்துவலிங்கறான், ஒருத்தன் மச்சினிக்கு நிச்சயங்கறான், ஒருத்தன் என்னைப் பாத்ததும் ஓடியே போயிட்டான். இந்தக் கொட்டாய்ப் பக்கம் எவனும் வரமாட்டான்பா."

எங்கள் பிழைப்பே அந்தக் கைகளைப் பார்ப்பதில் தொங்குகிறது, ஒருவனும் கையை நீட்ட மாட்டேன் என்கிறான். அத்தனை ஆத்திரம் எனக்கு. ஒன்றாகப் பாறை உடைத்தவர்கள், ஒரே சட்டியில் குழம்பு தொட்டுத் தின்றவர்கள்! அன்று பாவாயியிடம் சோற்றைத் தொடாமல் புலம்பித் தீர்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். போசியைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் களத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பாவாயி ஒரு வரியில் சொன்னாள், மற்றப் பெண்கள் பல நாள் விவரமாகச் சொன்னார்கள். அதுவரை அவள் களத்தில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தாள், பாய் வந்து கேட்டதை மிஷின்காரர்களும் வீட்டில் மூச்சு விடவில்லை. அன்று எல்லோரும் உட்கார்ந்து கல் கொத்திக்கொண்டிருக்கும்போது சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாளாம்.

"எங்கூட்டுக்காரருக்குக் காச்சல் இல்லீங்க. வெரலு வெளுத்து மரத்துப் போச்சு. நெருப்புச் சுட்டாத் தெரியறதில்லை. பெருவியாதிக் கொட்டாயில கெடக்கறாரு. அது மிஷினால வந்ததா, இல்லை அந்தக் கெரகமேதானான்னு தெரியோணும்னா, மத்த மிஷின்காரங்க கைய டாக்டரு பாக்கோணுமாம். இப்ப நீங்க என்னைய இந்த வரிசைய உட்டு எந்திரிச்சுப் போன்னு சொன்னாலும் சரி."

களத்தில் ஒரு சுத்தியல் சத்தம் இல்லையாம். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தாளாம். பிறகு வரிசையின் கோடியில் இருந்த செல்லம்மாள், வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்ற ஊட்டுக்காரருக்கும் அப்படித்தான் அக்கா. போன மார்கழியில இருந்து. வெளிய சொன்னா ஊரை உட்டுத் தொரத்திருவாங்கன்னு நான் வாயே தொறக்கல. பச்சத்தண்ணியே குடுக்கறதில்லை, எல்லாத்துக்கும் சுடுதண்ணி வெச்சுக் குடுக்கறேன்."

"எங்கூட்டுலயும்" என்றாள் இன்னொருத்தி. "சட்டைப் பித்தானை நாந்தான் போட்டு உடறேன்."

அதன் பிறகு யார் சொன்னார்கள் யார் அழுதார்கள் என்று கணக்கில்லையாம். மிஷின்காரன் பெண்டாட்டி ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் மட்டும்தான் அந்த இடி விழுந்திருக்கிறது என்று மூடி மூடி வைத்திருந்திருக்கிறாள். மேஸ்திரி வந்து, "என்ன இங்க எழவா?" என்று கேட்டானாம். "ஆமா, உன் சூளைக்குத்தான்" என்றாளாம் செல்லம்மாள். அதுவரை அவள் மேஸ்திரி முகத்தை நிமிர்ந்து பார்த்தவளே இல்லை.

அடுத்த ஓய்வு நாளில் கொட்டகை வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சந்தைக்கு மாடு ஓட்டி வருவது போல, மிஷின்காரர்கள் தலை குனிந்து முன்னால் வர, பெண்கள் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வயிற்றுவலிக்காரனும் இருந்தான், மச்சினி நிச்சயக்காரனும் இருந்தான். காசிம் பாயும் கூட வந்தார்.

டாக்டர் மண்பானைத் தண்ணீரைப் பெரிய பேசினில் ஊற்றச் சொன்னார். ஒவ்வொருவராகக் கையை முக்கி வைத்திருந்து எடுக்கச் சொன்னார். முதல் ஆள் செல்லம்மாள் புருஷன். எடுத்தான். விரல்கள் வெள்ளை. அடுத்தவன், வெள்ளை. அதற்கடுத்தவனுக்கு இரண்டு விரல்கள். வந்தவர்களில் ஒருவன்கூடத் தப்பவில்லை. பிறகு காசிம் பாயை முக்கச் சொன்னார். மிஷினைக் கழற்றுவார், மாட்டுவார், ஓட்ட மாட்டார். அவர் கை ஈரமானதுதான் மிச்சம். கூட வந்தவர்களில் கல் சுமக்கும் பெண்கள் இரண்டு பேரையும் முக்கச் சொன்னார், அவர்கள் கையிலும் ஒன்றுமில்லை.

டாக்டர் நிமிர்ந்தார். "காளியப்பா, உனக்கு அந்த வியாதி இல்லைய்யா. உங்க ஒருத்தருக்கும் இல்லை. இது மிஷின் அடிச்ச அடி."

பாவாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. கத்தினேன் என்று சொல்கிறார்கள்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். விரலுக்குள் மெல்லிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. மிஷினின் அதிர்வு வருஷக்கணக்காக அடித்துக்கொண்டே இருந்தால் அவை மிரண்ட மாடு மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் குளிர் பட்டதும் சுருங்கி மூடிக்கொள்ளும், ரத்தம் போகாது, விரல் வெளுக்கும். நரம்பும் அடிபட்டு மரக்கும். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு முழுக்க எலும்பு வரை ஏறும். பீடி அந்தக் குழாய்களை இன்னும் சுருக்கும். மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. கையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள வேண்டும், பீடியை விட வேண்டும், என்னைப் போல் முற்றினவன் மிஷினையே விட வேண்டும்.

"மிஷின் ஏன் இப்படிக் குதிக்குது?" என்று காசிம் பாயைக் கேட்டார்.

"எண்ணெய் போடறதில்லீங்க சார். உளியைப் பிடிச்சிருக்கற புஷ்ஷெல்லாம் தேஞ்சு உளி ஆடுது. இவனுங்க மூடியில தடவி வச்சு என்னையும் ஏமாத்திட்டு இருந்தானுங்கன்னு போன வாரம் எல்லாத்தையும் பிரிச்சப்பதான் தெரிஞ்சுது."

"எண்ணெய் போடறதுக்கு என்னய்யா?"

மிஷின்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் நான்தான் சொன்னேன். கல்லில் கறை விழும், களத்தில் இவர்கள் பேச்சு வாங்குவார்கள், அதனால் என்று. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்காகவா?" என்றாள் செல்லம்மாள். "அட மசையனுங்களா! ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பமே, துளையைச் சுத்திக் கல்லு மேல ஒரு சாக்கை விரிச்சுட்டு ஓட்டுங்கன்னு. சாக்குல கறை பட்டா யாருக்கு என்ன?"

காசிம் பாய் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். அழுதுகொண்டே சிரித்தோம். அந்தச் சிரிப்பில் திரும்பிப் பார்த்தால், வாழப்பாடிக்காரர் கட்டிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கிளம்பும்போது அவரிடம் போய் நின்றேன். அவரே பேசினார்.

"அந்த நீரடிமுத்து எண்ணெய் வாங்கினேன்னியே, ஊட்ல இருக்கா? உனக்கெதுக்கு இனிமே? குடுத்தனுப்பு."

கொடுத்தனுப்பவில்லை, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகும் பல தடவை போனேன்.

இப்போது நான் காசிம் பாயுடன் இஞ்சின் கொட்டகையில் இருக்கிறேன். காலையில் மிஷினை வெளியே கொடுப்பதற்கு முன் குழாயில் தேங்கின தண்ணீரை ஊதித் தள்ளி, எண்ணெய் ஊற்றி, ஆணிகளை முறுக்கிப் பார்த்துக் கொடுப்பேன். மதியம் மறுபடி. காற்று கைமேல் அடிக்காதபடி அது வெளியேறும் வாயைத் திருப்பி வைத்தாகிவிட்டது. மழுங்கின உளியோடு யாராவது மல்லுக்கட்டினால் பிடுங்கிக்கொண்டு தீட்டின உளியைக் கொடுப்பேன். கைப்பிடியில் சாக்குத் துணி சுற்றியிருக்கிறது. குஞ்சைப் பிடிப்பது போலப் பிடி, மிஷின் தானாக இறங்கும், வயிற்றைக் கொண்டுபோய் வைக்காதே, கை மரத்தால் அடுத்தவனிடம் கொடு என்று நாளெல்லாம் கத்துகிறேன். முதலில் கேலி செய்தார்கள். என் விரலை நீட்டிக் காட்டுவேன், வாயை மூடிக்கொள்வார்கள். என் விரல்கள் முழுக்கத் திரும்பவில்லை. மார்கழியில் வெளுக்கத்தான் செய்கின்றன. காசை எடுத்தால் அணாவா அரையணாவா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

நாச்சிமுத்து மச்சான் சொன்ன சொல் மாறவில்லை. எங்களைக் கூட்டிப்போய் மோகனூர்ப் படித்துறையில் முழுக வைத்து, பொங்கல் வைத்தார். எல்லோரும் சாப்பிட்டு மச்சான் வண்டிப் பக்கம் போன பிறகு, பாவாயி படியில் உட்கார்ந்து பொங்கல் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா முழங்கால் தண்ணீரில் நின்று கூத்தடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"டாக்டரு ஆமான்னு சொல்லியிருந்தா, உங்கண்ணன் கூடப் போயிருப்பியா?"

அவள் நிமிரவில்லை. "பாப்பாவ அனுப்பியிருப்பனுங்க."

"நீ?"

"நான் எங்கீங்க போறது? நீங்க இருக்கற குடிசைக்குப் பக்கத்துல ஒரு அடுப்பு கூட்டியிருப்பேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அதை அன்னிக்கு வாசல்லயே சொல்றதுக்கு என்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தக் கொட்டாயில கெடந்து அப்படிச் செத்திருப்பனா? எதுக்கு வாயத் தொறக்காம நின்னே?"

அவள் கை நின்றது. தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களோட இருக்கறேன்னு சொன்னா, புள்ளைய உட்டுடறேன்னு சொன்ன மாதிரிதானுங்க. அது என்ற வாயில வரலீங்க."

என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று நான் கொட்டகையில் படுத்து அழுத அத்தனை நாளும், அவள் களத்தில் கல் கொத்திக்கொண்டே பிள்ளையைப் பிரியப் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள்.